தெர்மோஸ்டாட்டில் ஒரு மிளகு

— அந்த ஸ்பேனரைக் கீழ வையி. மொதல்ல எனக்குப் பதில் சொல்லு. இந்தக் காரை எங்க தலையில கட்டும்போது இஞ்சின் இந்த லெச்சணத்துல கெடக்குன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?

— இதான் கடைசி போல்ட்டு, அத்தை. இஞ்சினோட மேல் பாகம், இந்த ஹெட்டைத் தூக்கிட்டுப் பேசலாம்.

— அத்தைன்னு கூப்பிடாத. கோயில்ல ரெண்டு தடவைதான் கல்யாண ஓலை வாசிச்சிருக்கு. மூணாவதும் வாசிச்சு, தாலி ஏறட்டும், பொறவு கூப்பிடு. அதுவும் ஏறுனா.

— அம்மா, ப்ளீஸ். அது என்ன 'ஏறுனா'?

— நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பங்குச் சாமி மூணாவது தடவையா வாசிப்பாரு. ஜெர்சனுக்கும் மரியாவுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு. நான் நாளை வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன், கேட்டியா. இன்னைக்குச் சாயங்காலப் பூசை முடிஞ்சதும் சாமியப் பாத்துச் சொல்லிருவேன். தடை இருக்கு, வாசிக்காதீங்கன்னு.

— என்ன தடைன்னு சொல்லுவே? கார் ஹீட் ஆயிடுச்சுன்னா?

— ஏமாத்துக்காரன்னு சொல்லுவேன். பொண்ணு கேக்கப் போற வீட்டுக்கே ஓட்டை இஞ்சினை வித்தவன்னு சொல்லுவேன். கார்லயே இப்படின்னா, கட்டிக்கிட்டவளை எந்த நடுரோட்டுல கொண்டு நிறுத்துவானோ.

— ஆன்ட்டி, ரெண்டு வருஷம் நானே ஓட்டின வண்டி இது. வரங்கல் போயி வந்திருக்கேன், விஜயவாடா போயி வந்திருக்கேன், மே மாசத்து வெயில்ல. சூடு காட்டற ஊசி ஒருநாளும் பாதிக்கு மேல ஏறினதில்ல.

— பொறவு எங்ககிட்ட வந்ததும் எப்படி ஏறிச்சு? எங்க ராசியா?

— அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— நீ இஞ்சினைப் பாரு. நான் இவ கையைப் பாக்கேன். சிக்கந்திராபாத்லேர்ந்து ஹப்சிகுடா போற வழியில, பாலத்து மேல, முன்னாலயும் பஸ்ஸு பின்னாலயும் பஸ்ஸு, வெள்ளப் புகை பொங்கிட்டு வருது. ஒருத்தன் இறங்கி வந்து கேக்கலை, எல்லாவனும் ஹாரனை அமுக்குதான். இவ பதறிப் போயி மூடியத் தொறந்தா. ஆவி அடிச்சு மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் தோலு உரிஞ்சு கெடக்கு. கல்யாணப் பொண்ணு கையில வளையல் போட இடம் இல்ல.

— மா, சூட்டோட மூடியைத் தொறந்தது என் தப்பு. தொறக்கக் கூடாதுன்னு ஜெர்சன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கார்.

— வக்கீலு வந்துட்டா. இன்னும் கட்டவே இல்ல, அதுக்குள்ள வக்கீலு.

— மரியா, நீ நக்கோ, வேணாம். அந்தக் கையோட தூக்க வராதே. தள்ளி நில்லு. ஆன்ட்டி, நீங்க இந்த டார்ச்சைப் பிடிச்சா போதும்.

— நான் எதுக்குப் பிடிக்கணும்?

— நீங்களே கண்ணால பாக்கணும்னுதான். அப்புறம் ஜெர்சன் எதையோ மறைச்சிட்டான்னு வரக்கூடாது.

— கொண்டா. ஒன் வண்டவாளத்தை நானே வெளிச்சம் போட்டுப் பாக்கேன்.

— ஹவ், ஆமா, அங்கதான். இன்னும் கொஞ்சம் கீழ. தூக்கறேன். ஒட்டிக்கிட்டிருக்கு, ஒரு நிமிஷம். ஆங், வந்துருச்சு.

— என்ன நாத்தம் இது, கவிச்சி மாதிரி.

— கருகின கேஸ்கட் ஆன்ட்டி. இதோ, இந்தத் தகடு. மேல ஹெட்டு, கீழ பிளாக்கு, ரெண்டுக்கும் நடுவுல இது உக்காரும். இஞ்சின்ல நெருப்பு இருக்கு, தண்ணி இருக்கு, எண்ணெய் இருக்கு. மூணும் பக்கத்துல பக்கத்துல ஓடினாலும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம இருக்கறது இந்தத் தகட்டாலதான்.

— நம்ம மூணு பேர் மாதிரி. இதுல நெருப்பு யாருன்னு நான் சொல்லவே வேணாம்.

— ஏட்டி, வாயை மூடு.

— இங்க பாருங்க. ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல தகடு பிச்சிக்கிட்டுப் போயிருக்கு. அந்த வழியா தண்ணி நெருப்புக்குள்ள போச்சு, அதான் வெள்ளைப் புகை. எண்ணெய்லயும் கலந்துருச்சு. அந்த டப்பாவுல வடிச்சு வெச்சிருக்கேன் பாருங்க, இரானி சாய் கலர்ல இருக்கு.

— அப்போ தகடு பழசு. பழசுன்னு தெரிஞ்சேதான் குடுத்திருக்க.

— பழசானா ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா விடும் ஆன்ட்டி. இது அப்படி இல்ல. இருங்க, ஹெட்டைத் திருப்பறேன். டார்ச்சைக் கிட்டக் கொண்டாங்க.

— என்ன ஜெர்சன்? ஏன் முகம் மாறுது?

— மரியா, இதைப் பாரு. இதெல்லாம் தண்ணி போற துளை. உருண்டையா, ஓரம் சுத்தமா இருக்கணும். எலி கடிச்ச ரொட்டி மாதிரி இருக்கு. ஹெட்டு அலுமினியம். சூடு ஏறினா வளையும். இப்படி அரிக்காது. இது சூட்டுக்கு முன்னாடியே அரிச்சிருக்கு. அரிச்சதாலதான் கேஸ்கட் உக்கார இடம் இல்லாம போச்சு, அதுக்கப்புறம்தான் சூடு.

— இந்த வெள்ளை என்ன? சுண்ணாம்பா?

— சுண்ணாம்பு இவ்வளவு லேசா நகத்துல வராது.

— ஏய், நாக்குல வைக்காத. கூலண்ட் விஷம்னு நீதானே சொன்னே.

— துப்பிட்டேன், துப்பிட்டேன். உப்பு.

— போர் தண்ணியா இருக்கும். மல்காஜ்கிரி போர் தண்ணிய வாயில வைக்க முடியுதா?

— போர் தண்ணியா ஊத்தினே மரியா?

— சீரியஸா, இல்ல. நீ குடுத்த பச்சை கேன்ல இருக்கற கூலண்ட் மட்டும்தான். குறையக் குறைய அதைத்தான் ஊத்தினேன். வேற தண்ணி ஒரு சொட்டு ஊத்தலை.

— போர் தண்ணியால இவ்வளவு ஆகாது. இது நேரா உப்பு. பிடி பிடியா விழுந்திருக்கு. மாசக் கணக்கா இந்த உப்புத் தண்ணி உள்ள சுத்திச் சுத்தி ஹெட்டைத் தின்னிருக்கு. தானா வராது ஆன்ட்டி. யாரோ போட்டிருக்காங்க.

— யாரு போடப் போறா? ஒன் தப்பை மூடி மறைக்க, இல்லாத ஆளை எங்கேர்ந்தாவது கூட்டிட்டு வாரியா?

— டார்ச்சு ஆடுது ஆன்ட்டி.

— கை வலிக்கி.

— குடும்மா, நான் பிடிக்கறேன். ஒரு கை நல்லாத்தானே இருக்கு.

— வேண்டாம். நான் பிடிச்சிக்கிடுதேன்.

— மரியா, யோசிச்சுச் சொல்லு. என்னைத் தவிர இந்த பானட்டைத் தொறந்தது யாரு?

— ஆபீஸ் பக்கத்துல, கொண்டாப்பூர்ல, ஒரு மெக்கானிக். ஏசி வேலை செய்யலைன்னு காட்டினேன். சலீம் பாய்னு.

— சலீம். ஹவ். இப்ப விளங்குது.

— என்ன விளங்குது?

— போன வருஷம் அவன் கஸ்டமர் ரெண்டு மூணு பேர் என் ஷெட்டுக்கு வந்துட்டாங்க. நான் கூப்பிடலை, அவங்களா வந்தாங்க. அவன் இங்க வந்து, இதோ நீ நிக்கிற இடத்துல நின்னு, 'பாத்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போனான். பாத்துக்கிட்டான்.

— ஜெர்சன், அவர் அப்படி ஆள் இல்ல. ஏசிக்குக் கேஸ் அடிச்சிட்டு, வெயில்ல நிக்காதீங்கன்னு எனக்கு ஃபேனைத் திருப்பி வெச்சார். சாய் வாங்கிக் குடுத்தார்.

— ஒரு கையால சாய், இன்னொரு கையால உப்பு. பின் கண்ணாடியில என் ஷெட்டு ஸ்டிக்கர் இருக்கு. வண்டி யாரோடதுன்னு அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

— அவனாத்தான் இருக்கும்.

— நீ வேற ஏம்மா?

— மொகம் தெரியாதவன்கிட்ட வண்டிய விட்டா இப்படித்தான் ஆவும். அவனாத்தான் இருக்கும்.

— அப்ப நான் ஏமாத்துக்காரன் இல்லதானே ஆன்ட்டி? சாமிகிட்டப் போக மாட்டீங்கதானே?

— அதை நான் சொல்லல. நீ ஒன் வேலையைப் பாரு.

— வேலையைத்தான் பாக்கப் போறேன். இன்னிக்கே கொண்டாப்பூர் போறேன். அவன் ஷட்டரை இறக்க வெச்சிட்டுத்தான் வருவேன். அதுக்கு முன்னாடி மெக்கானிக் குரூப்ல போட்டோ போடறேன். அந்தக் குரூப்ல போட்டா சிக்கந்திராபாத்ல ஒருத்தன் அவனுக்கு வேலை குடுக்க மாட்டான், ஒரு கடைக்காரன் ஸ்பேர் குடுக்க மாட்டான்.

— சாலு ஜெர்சன், போதும். தெரியாம ஒருத்தர் பிழைப்புல கை வைக்காதே. அவருக்கும் குடும்பம் இருக்கு.

— சரி, தெரிஞ்சிட்டே வைக்கறேன். தெர்மோஸ்டாட்டைக் கழட்டறேன். தண்ணி சூடானதும் தொறந்து விடற வாசல் மாதிரி அது. உள்ள சுத்தினது எல்லாம் அங்க வந்து சிக்கும். உப்பு அங்கயும் கட்டியிருந்தா அதையும் சேத்து போட்டோ எடுத்துடலாம். ஆன்ட்டி, இந்தப் பக்கம் அடிங்க. இங்க. இந்த மூடிக்குள்ள.

— அதெல்லாம் இப்ப எதுக்கு? அவன்தான்னு ஆயிப் போச்சே. மூடி வையி.

— ரெண்டு போல்ட்டுதான் ஆன்ட்டி. கழண்டுருச்சு. இன்னா இது?

— ஏதோ விதை மாதிரி இருக்கு.

— விதை இல்ல. கறுப்பா, ஊறிப் பருத்துப் போயி. நசுக்கினா காரமா வாசனை வருது பாரு. மிளகு.

— மிளகா?

— முழு மிளகு. வாசல்லயே சிக்கிக்கிட்டிருக்கு. இதோ இன்னொண்ணு. ரேடியேட்டர்ல ஓட்டை விழுந்தா அடைக்கறதுக்கு லாரிக்காரங்க மஞ்சத்தூள் போடுவாங்க, பாத்திருக்கேன். மிளகு போட்டு யாரையும் பாத்ததில்ல. உப்பு, மிளகு. சலீமு என் இஞ்சின்ல ஆம்லெட்டா போடப் பாத்தான்?

— ஜெர்சன், கொஞ்சம் சும்மா இரு.

— நீ ஏன் அப்படி நிக்கிறே? மயக்கம் வருதா? கை எரியுதா?

— அம்மா, டார்ச்சை என்கிட்டக் குடு.

— நான்தான் பிடிச்சிருக்கேன்ல.

— சொல்றேன்ல. குடு. என்னைப் பாரு. பாரும்மா.

— நீங்க ரெண்டு பேரும் பிடிங்க, நான் போன் போடறேன். சலீம், சலீம், இதோ இருக்கு நம்பர். ரிங் போவுது.

— போனை வை.

— ஏன்? எடுக்கட்டும். மிளகு எந்தக் கடையில வாங்கினான்னு கேக்கறேன்.

— வைன்னு சொன்னேன் ஜெர்சன். சலீம் பாய் இல்ல. கட் பண்ணு.

— கட் பண்ணிட்டேன். பின்ன யாரு?

— நான்.

— நீயா?

— நான்தான் போட்டேன். யூடியூப்ல பாத்தேன். அப்படிப் போட்டா கூலண்ட் குறையாதுன்னு.

— யூடியூப்ல மிளகா? மரியா, நக்கோ. பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும். இப்ப ரெண்டு காதும் சிவந்து கெடக்கு. டீசலா பெட்ரோலான்னு மாத்திடக் கூடாதுன்னு வண்டியில சீட்டு ஒட்டி வெச்சுப் பாக்கறவ நீ, நீ உப்புப் போட்டியா?

— போட்டேன்னு சொல்றேன்ல. விடு.

— விட மாட்டேன். யாரோ ஒருத்தன் உன் கையை வேக வெச்சிருக்கான், என் பேரைக் கெடுத்திருக்கான், நாளைக்கு ஓலை நின்னு போற அளவுக்குக் கொண்டு வந்திருக்கான். அவனுக்காக நீ என்கிட்டயே பொய் சொல்றே. அவன் உனக்கு யாரு?

— வார்த்தையைப் பாத்துப் பேசு ஜெர்சன்.

— நீ உண்மையைப் பேசு. சாய் வாங்கிக் குடுத்தான், ஃபேனைத் திருப்பி வெச்சான். இன்னும் இன்னா இன்னா பண்ணினான்?

— சீ. இப்படிக் கேக்கற ஆளுக்கு நாளைக்கு ஓலை வாசிக்கவே வேணாம். அம்மா, வா. நீ சாமிகிட்டப் போக வேணாம், நானே போறேன்.

— நில்லுட்டி. ரெண்டு பேரும் நிறுத்துங்க. அவ போடல. அந்தச் சலீமும் போடல. நான்தான் போட்டேன்.

— ஆன்ட்டி?

— ஞாயித்துக்கிழமை தோறும். இவ பாட்டு பாடுதவங்களோட முன்னாடியே உள்ள போயிருவா. இஞ்சின் ஆறுத வரைக்கும் நான் செபமாலை சொல்லிக்கிட்டு கார்லயே உக்காந்திருப்பேன். ஆளு நடமாட்டம் இல்லாத நேரமாப் பாத்து எறங்கிப் போடுவேன். ஒரு பிடி.

— உங்களுக்கு பானட்டைத் தொறக்கத் தெரியுமா?

— நீதானப்பா காட்டிக் குடுத்த. சாவி குடுத்த அன்னைக்கு. காலுக்குப் பக்கத்துல இந்தக் கம்பிய இழுங்க, இந்த வெள்ளை டப்பாவுல கோட்டுக்குக் கீழ எறங்கிச்சுன்னா ஊத்துங்க, சூடா இருக்கும்போது மட்டும் தொறக்காதீங்கன்னு. நான் ஒருநாளும் சூட்டோட தொறந்ததில்ல.

— சரி. ஆனா உப்பும் மிளகும் எதுக்கு?

— அம்மாவை விடு, நான் சொல்றேன். நீ சிஎஸ்ஐ சபை, எங்க கத்தோலிக்க வழக்கம் உனக்குத் தெரியாது. எங்க ஊர்ல, தூத்துக்குடி பக்கம், அந்தோனியார் கோயிலுக்கு உப்பும் மிளகும் காணிக்கை கொண்டு போவாங்க. உப்பு கரையற மாதிரி என் கஷ்டம் கரையட்டும்னு கேட்டுட்டுப் போடுவாங்க. அதுல ஒரு பங்கை வீட்டுக்கும் கொண்டு வருவோம். காய்ச்சல்னா தலையணைக்குக் கீழ, புது வீடுன்னா வாசல்ல. எங்க வீட்டுல ஒரு பாட்டில் நிறைய இருந்துச்சு, மாதா படத்துக்குப் பின்னாடி. காலியாயிட்டே வந்துச்சு. அம்மா ரசத்துக்கு எடுக்கறாங்கன்னு நெனச்சேன். நீ அந்த மிளகைக் கையில எடுத்ததும்தான் எனக்கு...

— அதான் நீ போட்டேன்னு சொன்னியா.

— வேற என்ன பண்ணச் சொல்றே? நீ அந்த மனுஷனுக்குப் போன் போட்டுட்டே.

— சாரி மரியா. நான் பேசினது தப்பு. வாயில வந்ததைப் பேசிட்டேன்.

— அது அப்புறம். அதுக்குத் தனியா சண்டை இருக்கு. அம்மா, நான் தினமும் கொண்டாப்பூர் வரைக்கும் ஒத்தையா ஓட்டிட்டுப் போறேன்னு பயந்துட்டேல்ல? அதுக்குத்தானே?

— ஆன்ட்டி, அழாதீங்க. வாங்க, அந்த டயர் மேல உக்காருங்க. மரியா, பாட்டில்ல தண்ணி இருக்கா பாரு. இதுல இன்னா இருக்கு? ஹெட்டைத் தேய்ச்சுச் சமமாக்கக் கொடுத்தாலும் ஆகாது, வேற ஹெட்டு தேடணும். தேடிடலாம். ரேடியேட்டரைக் கழுவிடலாம். சாமிகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பாலத்துல வண்டி நின்னது கோயில்ல எல்லாருக்கும் தெரியும், யாராவது கேட்டா, ஜெர்சன் கேஸ்கட்டைச் சரியாப் பாக்காம குடுத்துட்டான், இப்ப மாத்திட்டான்னு சொல்லுங்க.

— அது உன் பேரு ஜெர்சன். ஷெட்டு வெச்சு நடத்தறே.

— புள்ளைக்காகப் பயந்து செஞ்சிருக்காங்க. அவங்களை நடுக் கோயில்ல நிக்க வெச்சு எனக்கு இன்னா பேரு வரப் போவுது?

— போதும்பா. அப்படி நல்லவளா ஆக்காத என்னைய.

— இல்ல ஆன்ட்டி, நான் மனசாரத்தான் சொல்றேன்.

— இவ பத்திரமா போயி வரணும்னு போடல.

— அம்மா?

— நீ உங்க வீட்டாளுகளோட வந்து பொண்ணு கேட்டுட்டுப் போனியே, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சேன். அந்தோனியாரே, இது அவன் வண்டி. இந்த வண்டிய வெச்சுத்தான் அவன் எங்க வாசப்படி ஏறுனான். சர்வீஸு பாக்க வாரேன், டயரைப் பாக்க வாரேன்னு ஏறி ஏறித்தான் இவளைக் கேட்டான். இந்த உப்பு கரையுத மாதிரி இந்தச் சம்பந்தம் கரைஞ்சு போவட்டும்னு சொல்லிப் போட்டேன்.

— ஓலை வாசிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் போட்டீங்களா?

— ரெண்டு ஞாயித்துக்கிழமையும் போட்டேன். மத்த நாளைவிடக் கூடவே.

— ஏம்மா? ஜெர்சன் சிஎஸ்ஐங்கறதுக்காகவா? நம்ம கோயில்லயே கட்டறேன்னு சொல்லிட்டாரே. ஞானோபதேசம் படிக்கறாரு, நீ கேட்டேன்னு மங்கள வார்த்தை செபம் முழுசும் மனப்பாடம் பண்ணியிருக்காரு.

— அதெல்லாம் வெளியில சொல்லிக்கிடுததுக்கு. ஒங்க அப்பா போன பொறவு ராத்திரி ரெண்டு தட்டுதான் கழுவுதேன். ஒத்தத் தட்டு கழுவ எனக்குப் பயமா இருந்திச்சு. வேற ஒரு காரணமும் கெடையாது.

— இதை நீ என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமே.

— சொன்னா நீ கல்யாணத்தை நிறுத்திருவ. அது எனக்குத் தெரியும். நீ நிறுத்துனன்னு இருக்கக் கூடாது, தானா கரைஞ்சிதுன்னு இருக்கணும்னு நெனச்சேன். பாலத்துல வண்டி நின்னப்போ, வேண்டுதல் பலிச்சிட்டுன்னு முதல்ல சந்தோசந்தான் வந்திச்சு. அடுத்த நிமிசம் நீ கத்துன. ஆவி ஒன் கையில அடிக்கணும்னு நான் கேக்கலையே. அதைத் தாங்க மாட்டாமத்தான் இவனைப் போட்டு ஏசிக்கிட்டுக் கெடந்தேன்.

— இவ்வளவு நாள் இதை உள்ளயே வெச்சிருந்தியாம்மா.

— நீ ஒண்ணும் சொல்லாண்டாம். நான் சாமிகிட்டப் போவத்தான் போறேன். தடை கேட்டீங்கல்ல, ஒரே ஒரு தடைதான் இருக்கு, அது நான்தான்னு சொல்லிருதேன். பொறவு ஓலைய வாசிக்கதும் வாசிக்காம விடுததும் அவரு பாடு. ஏப்பா, ஏசணும்னா ஏசிரு. ஒன் வண்டி, ஒன் பேரு.

— ஜெர்சன். ப்ளீஸ். திட்டிடாதே.

— மரியா, டார்ச்சை உங்க அம்மா கையிலயே குடு. இங்க அடிங்க. ஹெட்டு மேல இல்ல, கீழ, பிளாக்குல. இன்னும் உள்ள. இப்ப விரலை வெச்சுத் தடவிப் பாருங்க.

— சிவப்பா ஒட்டுது.

— மேல துரு. துடைச்சிட்டுப் பாருங்க, இந்தத் துணியால. இது இரும்பு. இதே உப்புத் தண்ணிதான் இதுக்குள்ளயும் இத்தனை மாசமா சுத்திச்சு. குழி இருக்கா? பள்ளம் இருக்கா?

— இல்ல. வழவழன்னு இருக்கு.

— கரைஞ்சது அலுமினியம் மட்டும்தான், அத்தை.